வீட்டை விட்டு வந்தாச்சு, இனி எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: "வயது 22. பி.காம். முடித்திருக்கிறேன். ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா தினமும் குடிப்பார், அம்மாவையும் என்னையும் அடிப்பார். போன மாதம் தாய்மாமன் மகனுக்கு என்று நாள் குறித்துவிட்டார்கள். ஒரு பையோடு சென்னைக்கு வந்துவிட்டேன். பன்னிரண்டு நாளாகக் கல்லூரித் தோழியின் அறையில் இருக்கிறேன். கையில் நாலாயிரத்துச் சொச்சம் இருக்கிறது. சர்டிபிகேட் எல்லாம் வீட்டில். அப்பா போலீஸில் புகார் கொடுத்திருக்கிறாராம். அம்மா குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் செய்தது தப்பா? எங்கிருந்து தொடங்குவது?"

சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் பத்தொன்பது வருடம் வார்டனாக இருந்தவள் நான். உனக்கு அத்தை வயது, அதனால் நீ என்றே எழுதுகிறேன். தப்பா என்ற கேள்விக்கு ஒரு வரிதான் பதில்: அடி விழும் வீட்டிலிருந்து எழுந்து வந்தது தப்பில்லை. அதையே பேசிக்கொண்டிருந்தால் உன் நாலாயிரம் தாங்காது. மேலே போவோம்.

எங்கள் விடுதிச் சேர்க்கைப் படிவத்தில் ஆறாவது வரி, 'தந்தை அல்லது காப்பாளர் பெயர், கைபேசி எண்'. மற்றப் பெண்கள் அந்த வரியைப் பேசிக்கொண்டே நிரப்பிவிட்டு ஏழாவதுக்குப் போய்விடுவார்கள். உன்னைப் போல வருகிறவளின் பேனா அங்கே நிற்கும். சிலர் தப்பான நம்பர் எழுதுவார்கள். ஒருத்தி ஒன்பது இலக்கம் எழுதிவிட்டுப் பத்தாவதுக்கு என்னைப் பார்த்தாள். ஆரம்பத்தில் எனக்கு விஷயம் புரியாது, "எழுதும்மா, நேரமாகுது" என்று விரட்டியிருக்கிறேன். போகப்போகத்தான் தெரிந்தது. வீட்டை விட்டு வருவது ஒரு ராத்திரி வேலை. அந்த ஆறாவது வரியைப் பயமில்லாமல் நிரப்பும் நிலைக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். நீ சென்னைக்கு வந்துவிட்டாய், உன் காகிதங்கள் எல்லாம் இன்னும் அப்பா வீட்டில்தான் குடியிருக்கின்றன. ஆதாரில் அந்த விலாசம், பேங்கில் அந்த நம்பர், சிம் ஒருவேளை அவர் பெயரிலேயே. அவற்றை ஒவ்வொன்றாக உன் பக்கம் இழுத்துக்கொள்வதுதான் இனி உன் வேலை.

முதலில் போலீஸ். உன்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுவாகத்தான் இருக்கும். அப்பா கொடுத்திருப்பது 'பெண் காணவில்லை' என்ற புகார். அதில் நீ தேடப்படும் ஆள், குற்றவாளி கிடையாது. பதினெட்டு முடிந்த பெண் எங்கே இருப்பது, யாரோடு இருப்பது என்பது அவள் முடிவு. 2018இல் ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளைக்கே அப்பா உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், மகளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி ஆட்கொணர்வு மனு போட்டாலும், நீதிபதி உன்னிடம் கேட்கப்போவது "உன் விருப்பத்தில்தான் இருக்கிறாயா" என்பதைத்தான்.

ஆனாலும் புகாரை அப்படியே தொங்கவிடாதே. அது முடிகிறவரை போலீஸ் உன் செல்போனை வைத்துத் தேடும், தோழியின் கதவைத் தட்டும், அவள் வீட்டு ஓனர் மிரண்டுபோய் இரண்டு பேரையும் காலி செய்யச் சொல்வார். நீயாகப் போய் முடித்துக்கொள்வது நல்லது. தனியாக மட்டும் போகாதே. 181 என்பது பெண்களுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். அவர்கள் உன்னைப் பக்கத்திலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு, அதாவது வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் உதவி மையத்துக்குச் சேர்த்துவிடுவார்கள், அங்கிருந்து துணைக்கு ஆள் கேட்கலாம். இல்லையென்றால் 15100க்கு அடி, அது சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. பல பெண்கள் இது ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்துக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

வாய்ப்பேச்சை நம்பாமல் எழுதிக்கொண்டு போ. உன் பெயர், பிறந்த தேதி, இன்ன தேதியில் சுயவிருப்பத்தோடு வீட்டை விட்டு வந்தேன், யாரும் கடத்தவில்லை, வீட்டில் அடி, விருப்பமில்லாத கல்யாணத்துக்குக் கட்டாயம், திரும்பிப் போக விருப்பமில்லை, என் இருப்பிடத்தை வீட்டாரிடம் தெரிவிக்க வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பிரதி எடு, ஒன்றில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள். அந்தப் பிரதியைப் போட்டோ எடுத்துத் தோழிக்கும் அனுப்பிவை.

நான் பெண்களோடு ஸ்டேஷனுக்குப் போன நாட்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். குடும்பத்தை வரவழைத்து எதிரெதிரே உட்கார வைப்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு சடங்கே கிடையாது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார். சித்தப்பா ஒருத்தர், "ஒரு வாட்டி வந்து பாட்டி மூஞ்சியப் பாத்துட்டுப் போயிரு" என்பார். எஸ்.ஐ., "போய்ட்டு வாம்மா, பெத்தவங்கதானே" என்பார். மூன்று பேரும் பிடித்திருப்பது ஒரே கயிறு. அங்கே நீ காரணம் விளக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சமாதானம் தயாராக வைத்திருப்பார்கள். "குடியை விட்டுடுறேன்னு சாமி மேல சத்தியம் பண்ணியிருக்காரு" என்பது அதில் ஒன்று. "எனக்குப் போக விருப்பமில்லை சார், எழுதிக் கொடுத்ததைப் பதிவு பண்ணிக்கோங்க." இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல். நாலாவது தடவை அவர்களே களைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கியது, இப்போது மாநிலம் முழுக்க இருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் பெண் போலீஸ் என்றதும் இளகிவிடுவார்கள் என்று நம்பிப் போகாதே, சிலர் உன் அம்மாவைவிட அதிகமாக அம்மாவாகிவிடுவார்கள்.

அடுத்தது தலைக்கு மேல் கூரை. நாலாயிரத்தை விடுதி அட்வான்ஸில் போட்டுவிடாதே. தோழிக்கு மனசு இருந்தால், "வேலை தேடி வந்திருக்கா, ஒரு மாசம் இருப்பா" என்று அவளையே ஓனரிடம் சொல்லச் சொல்லி, அரிசிக்கும் கரண்ட் பில்லுக்கும் பங்கு கொடுத்து இரு. ஓசியில் இருக்கும் விருந்தாளியைப் பத்தாவது நாளுக்கு மேல் யாருக்கும் பிடிக்காது, எவ்வளவு நல்ல தோழியானாலும். அது முடியாதென்றால் சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க வைப்பார்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் சமூக நலத் துறையின் சேவை இல்லம், சக்தி சதன் போன்ற காப்பகங்களுக்கு அனுப்ப அவர்களால் முடியும். காப்பகம் என்ற சொல்லே பலருக்குக் கசக்கிறது. ரேழியில் வரிசையாகக் கட்டில், எட்டு மணிக்கு மேல் கேட் பூட்டு, கைபேசிக்கு நேரக் கட்டுப்பாடு, எல்லாம் இருக்கும். வேலை கிடைத்துச் சம்பளம் வரும்வரை உன் நாலாயிரம் முழுசாக இருக்கும் என்பதையும் சேர்த்து எடை போடு.

சம்பளம் வர ஆரம்பித்ததும் உழைக்கும் மகளிர் விடுதி பார். 'தோழி' என்ற பெயரில் அரசே நடத்தும் விடுதிகள் கூடுவாஞ்சேரி, தாம்பரம், திருச்சி போன்ற இடங்களில் இருக்கின்றன. சுத்தமாக இருக்கும், ஆனால் இடம் கிடைப்பதுதான் பாடு. தனியார் விடுதி என்றால் மாவட்ட ஆட்சியரின் உரிமம் இருக்கிறதா என்று கேள். 2014ஆம் வருடச் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு அது கட்டாயம். கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் சேராதே. ஆறாவது வரியைப் பற்றி வார்டனிடம் தனியாகப் பேசு. "வீட்டோடு தொடர்பில்லை, அவசரத்துக்கு இன்னாரைக் கூப்பிடுங்கள்" என்று தோழி நம்பரைக் கொடு. நான் இருந்தவரை அப்படித்தான் எழுத வைத்தேன், எந்த இன்ஸ்பெக்ஷனிலும் யாரும் குறை சொன்னதில்லை. இது புதுசாக வந்த சிக்கலும் கிடையாது. 1930இல் அடைக்கலம் கேட்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக்கு வந்த பெண்களை அன்றைய விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன, அவர்கள் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் என்பதால். அவர் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார், அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. நீ யார் வீட்டுப் பெண் என்ற கேள்வியை விடுதிக் கதவுகள் ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

இப்போது போனை எடு. இதை இன்றைக்கே செய்ய வேண்டும்.

சிம் அப்பா பெயரில் இருந்தால் அவர் ஒரு கடைக்குப் போய் டூப்ளிகேட் வாங்கிவிடலாம், அந்த நிமிஷத்திலிருந்து உன் ஓடிபி எல்லாம் அவர் கைக்குப் போகும். உன் பெயரில், உன் கைரேகை வைத்துப் புது சிம் வாங்கு. அப்புறம் ஜிமெயில். உன் கணக்கு தம்பியின் போனிலோ வீட்டு டிவியிலோ திறந்து கிடக்கலாம். பாஸ்வேர்டை மாற்றி, தெரியாத சாதனங்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறு. வாட்ஸாப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஒரு இடம் இருக்கிறது, அதையும் பார். கூகுள் மேப்பில் யாருக்காவது இருப்பிடம் பகிர்ந்திருக்கிறாயா என்று பார். எங்கள் விடுதியில் ஒருத்தி ஊரை விட்டு வந்து, சிம் மாற்றி, பெயரைக்கூடச் சுருக்கிச் சொல்லிக்கொண்டு இருந்தாள். மூன்றாவது வாரம் அண்ணன் வாசலில் நின்றார். அவள் போனில் எடுத்த போட்டோவெல்லாம் வீட்டு லேப்டாப்பில் தானாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு போட்டோவில் பின்னால் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் போர்டு.

சிம் வந்ததும் ஆதார் மையத்துக்குப் போய் ஆதாரில் நம்பரை மாற்று. கைரேகை போதும், வேறு காகிதம் கேட்க மாட்டார்கள், கட்டணம் சொற்பம். மற்றக் கதவுகளைத் திறக்கும் சாவி இதுதான். இது ஆனால்தான் அரசின் சான்றிதழ்கள் கிடைக்கும் டிஜிலாக்கர் ஆப்பில் நுழைய முடியும், பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழை அங்கிருந்து எடுக்க முடியும். விலாசத்தை உடனே மாற்ற அவசரப்படாதே. தோழியின் அறை நிலையில்லை, மாற்றிய கார்டு தபாலில் அங்கே போய்ச் சேரும்போது நீ வேறு இடத்தில் இருப்பாய். ஒரு இடத்தில் காலூன்றியதும் செய்யலாம். வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு கெசட்டட் ஆபீசரோ பதிவு பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளரோ கையெழுத்திடுகிற படிவம் ஒன்று உண்டு.

பேங்கில் ஒரு பொறி இருக்கிறது, பலர் அதில் மாட்டுகிறார்கள். புதுக் கணக்கு திறந்ததும் ஏடிஎம் கார்டும் செக் புத்தகமும் ஆதார் விலாசத்துக்குத் தபாலில் போகும். ஆதாரில் அப்பா வீடு. தபால்காரர் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர், "உங்க பொண்ணுக்குச் சென்னை பிராஞ்சிலேருந்து கவர் வந்திருக்கு" என்று வாசலிலேயே கிளை பெயரோடு சொல்லிக் கொடுத்துவிடுவார். அதனால் கணக்கு திறக்கும்போதே கார்டைக் கிளையிலேயே கையில் தரச் சொல். பெயர் அச்சடிக்காத கார்டு வைத்திருப்பார்கள், அது போதும். தற்போதைய விலாசம் என்று தனியாக எழுதும் இடம் இருந்தால் அதையும் விடாதே. பழைய கணக்கில் பணம் இருந்தால் எடுத்துவிட்டு, அந்த ஏடிஎம் கார்டை முடக்கு.

சர்டிபிகேட்டுக்காக நீ ஊருக்குப் போகவே கூடாது. 'ஒரு நாள்தானே, எடுத்துக்கிட்டு வந்துடலாம்' என்று போன மூன்று பெண்களை எனக்குத் தெரியும். ஒருத்திதான் திரும்பி வந்தாள். பள்ளிச் சான்றிதழ் டிஜிலாக்கரில் கிடைக்கும். டிகிரிக்குக் கல்லூரிக்கே எழுதினால் வழி சொல்வார்கள், டூப்ளிகேட்டுக்கு நாளாகும், செலவும் உண்டு, ஆனால் கிடைக்கும். அசல்தான் வேண்டும் என்றால் சட்ட வழி இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் புருஷன் அடித்தால் மட்டும்தான் என்று நம் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மகளும் அதில் மனுப் போடலாம், அப்பாவுக்கு எதிராகவே போடலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், மனு எழுதுவது முதல் அவர் உதவ வேண்டும். இதற்காக விருதுநகருக்கு ஓட வேண்டியதில்லை, நீ தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் மாஜிஸ்திரேட்டிடமே போடலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. உன்னை நெருங்கக்கூடாது, போனில் தொந்தரவு செய்யக்கூடாது என்று உத்தரவு வாங்கலாம், உன் உடைமைகளைத் திருப்பித் தரச் சொல்லியும் கேட்கலாம். உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறையோ இருபதாயிரம் வரை அபராதமோ, இரண்டுமோ. அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கோர்ட்டில் அந்த அறுபது நாள் எவ்வளவு நீளும் என்பது வேறு கதை.

உடனே போட வேண்டுமா? என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஆள் தேடி வந்து தொந்தரவு கொடுத்தால் உடனே போடு. ஊரோடு நின்றுவிட்டால் முதல் மூன்று மாதம் வேலையைப் பார். வாய்தாவுக்கு வாய்தா லீவு கேட்கும் புது ஆளை எந்த முதலாளியும் வைத்திருக்க மாட்டான். அடித்ததற்கு இருக்கும் தடயங்களை மட்டும் இப்போதே சேர்த்துவை. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, காயத்தின் போட்டோ, தோழிக்கு அந்த ராத்திரி அனுப்பிய மெசேஜ். வக்கீல்கள் பிறகு தேடுவது இவற்றைத்தான்.

வேலை. பி.காம். படித்தவளுக்குச் சென்னையில் சோறு இருக்கிறது, முதல் வேலை பிடித்ததாக இருக்காது, அவ்வளவுதான். சின்ன ஆடிட்டர் ஆபீஸ், மொத்த வியாபாரக் கடைகளின் பில்லிங், ஜிஎஸ்டி என்ட்ரி, டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தால் இன்னும் சுலபம். டாலி தெரியாதென்றால் ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம், வேலையில் சேர்ந்துகொண்டே. புதுசாகச் சேர்கிறவர்களுக்கு எங்கள் பெண்கள் வாங்கியது பன்னிரண்டிலிருந்து பதினைந்தாயிரம். விடுதிக்குச் சாப்பாட்டோடு ஏழாயிரம் போகும். பஸ்ஸுக்கு ஒன்றும் வேண்டாம், 2021இலிருந்து வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், வீட்டையும் வேலையையும் அந்த ரூட்டை வைத்துப் பார்த்துக்கொள். மாதம் இரண்டாயிரம் ஒதுக்க முடிந்தால் நீ கெட்டிக்காரி.

சம்பளத்தைவிட முக்கியமாக நான் கேட்கச் சொல்வது பிஎஃப், ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்பதை. இருபத்தோராயிரத்துக்குள் சம்பளம் என்றால் ஈஎஸ்ஐ வரும், உன் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான். காய்ச்சலில் படுத்தால் அந்தக் கார்டு ஒன்றுதான் உனக்கு மாமன் மச்சான். அதோடு, உன் பெயரில் ஒரு நிறுவனம் ஒவ்வொரு மாதமும் பணம் கட்டுகிறது என்பதே இந்த ஊரில் நீ இருக்கிறாய் என்பதற்கு முதல் சாட்சி.

தங்குமிடத்தோடு வேலை என்றால் யோசித்துப் போ. தி.நகர் துணிக்கடைகளில் இடமும் சாப்பாடும் தருவார்கள், அவசரத்துக்கு ஆகும். நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் வந்தது, இருக்கை போட்டிருக்கிறார்கள், உட்கார நேரம் விடுகிறார்களா என்பதை அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் கேள். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் மூன்று வருட ஒப்பந்தம், முடிவில் மொத்தமாகப் பணம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. பழைய சுமங்கலித் திட்டம்தான் அது, அந்தப் பெயரை இப்போது வெளியே சொல்ல மாட்டார்கள். வெளியே விடாத ஒரு வீட்டிலிருந்து வந்துவிட்டு இன்னொரு பூட்டிய கேட்டுக்குள் போவானேன்? அசல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிற முதலாளியும் அப்படித்தான்.

ஆபீஸில் உன் கதையை யாரிடமும் முழுசாகச் சொல்லாதே. "அப்பா அம்மா ஊர்ல, நான் இங்க ஹாஸ்டல்ல" என்றால் போதும், அது பொய்யும் இல்லை. முதல் மாதத்தில் இரக்கப்படுகிறவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். அதில் ஒருத்தன் "உனக்கு நான் இருக்கேன்" என்பான். நல்லவனாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டை விட்டு வந்த ஆறு மாதத்துக்குள் கல்யாணம் செய்துகொண்ட பெண்களில் நன்றாக இருக்கிறவர்களை விரல் விட்டு எண்ண எனக்கு ஒரு கையே அதிகம். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது அந்த மாப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. கடன் ஆப் பக்கமும் போகாதே. போனில் இருக்கிற நம்பரையெல்லாம் உறிஞ்சி எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் முதல் போன் அப்பாவுக்குத்தான் போகும்.

உடம்பு மனசு விஷயம். முதல் மாதம் ஓட்டத்தில் போய்விடும், இரண்டாவது மாதத்தில்தான் எல்லாம் மேலே வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விடுதியே காலியாக இருக்கும்போது, மேலே ஓடுகிற பேன் சத்தம் மட்டும் கேட்கும்போது வரும். பயப்படாதே, எல்லாருக்கும் வரும். கதவைச் சாத்திப் படுத்துக்கொள்ளாமல் துணி துவைக்கப் போ, மாடிக்குப் போ, யாரோடாவது டீ குடி. தூக்கம் வாரக்கணக்கில் வரவில்லை என்றாலோ, செத்துவிடலாம் என்று தோன்றினாலோ 14416க்கு அடி, அது அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

இனி ஒரு விஷயம், இதை எழுதத்தான் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். ஒரு பெண்ணின் அம்மா எப்படியோ விடுதி நம்பரைக் கண்டுபிடித்துப் பேசினார். "எம்புள்ள உசிரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றார். எனக்கும் அப்போது பத்து வயதில் மகள். "நல்லா இருக்கா, கவலைப்படாதீங்க, இங்கதான் இருக்கா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு வேன் வந்து நின்றது, அந்த அம்மா அதில் இல்லை, நாலு ஆம்பிளைகள் இருந்தார்கள். அம்மாவின் பக்கத்தில் நின்று பேச வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்ணைச் சமையல்கட்டு வழியாகப் பின் சந்துக்கு அனுப்பினேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவள், வாய் கொப்பளிக்கக்கூட இல்லாமல் ஓடினாள். நல்லவேளை, வேறு விடுதியில் சேர்த்துவிட முடிந்தது. அவள் பக்கெட்டும் சோப்பு டப்பாவும் ரொம்ப நாள் ஸ்டோர் ரூமில் கிடந்தன, நான் தூக்கிப்போடவில்லை.

அதனால் அம்மாவிடம் பேசு, ஆனால் அம்மாவின் போனில் பேசாதே. அந்தப் போனை அப்பாவும் எடுப்பார், கால் ரெக்கார்டும் இருக்கலாம். அப்பா வெளியே போயிருக்கும் நேரத்தில், பக்கத்து வீட்டு அக்காவோ உன் பள்ளி டீச்சரோ, அம்மா நம்புகிற ஒரு பெண்ணின் போனில் பேசு. உன் புது நம்பரிலிருந்து அடிக்க வேண்டாம், தோழியின் போனும் வேண்டாம், அவர்கள் வீட்டுக்குத் தெரிந்த நம்பர் அது. சேவை மையத்திலிருந்தோ விடுதி லேண்ட்லைனிலிருந்தோ பேசலாம், நீ அந்த இடத்தை விட்டுக் கிளம்பப் போகும் நாளாகப் பார்த்து. எங்கே இருக்கிறாய் என்று அம்மாவிடமும் சொல்லாதே. தெரியாத விஷயத்தை அடித்துக் கேட்டாலும் அம்மாவால் சொல்ல முடியாது, அது அம்மாவுக்கும் பாதுகாப்பு. பாட்டிக்கு சீரியஸ், அம்மா ஆஸ்பத்திரியில் என்று தகவல் வந்தால் பையைத் தூக்காதே. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்டு, அங்கேயே போன் போட்டு விசாரி. பத்தில் எட்டு தடவை அப்படி ஒரு நோயாளி அங்கே இருக்க மாட்டார்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தூது வரும். "நீ வர வேண்டாம், ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு எங்கயோ நல்லா இரு" என்று சித்தப்பா பத்திரத்தோடு வருவார். அது விடுதலைப் பத்திரமாக, அதாவது சொத்தில் உன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரமாக இருக்கும். இந்து குடும்பம் என்றால் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமப் பங்கு உண்டு, தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது, நாடு முழுக்க 2005இல். வீட்டை விட்டு வந்ததால் அந்தப் பங்கு போகாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், அதை விட்டுவிடு. வக்கீல் பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, வெற்றுத் தாளில் சமாதானக் கடிதம் என்று கேட்டாலும்.

எங்கள் விடுதியில் ஒருத்தி மூன்று மாதம் கழித்து முதல் தடவை அம்மாவோடு பேசினாள், சத்துணவுக்கூட ஆயாவின் போனில். என்ன பேசினாய் என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல மேடம், அந்தப் பக்கம் குக்கர் விசில் ரெண்டு கேட்டுச்சு, அம்மா வச்சிட்டாங்க" என்றாள். அடுத்த வாரம் பேசினார்கள்.

உனக்கும் முதல் தடவை அப்படியே போகலாம். பேச்சு வந்தால், அடி தாங்க முடியாத ராத்திரியில் போன் போடச் சொல்லி 181 என்ற நம்பரை அம்மாவுக்கும் சொல்லிவை. எங்கும் எழுதி வைக்கச் சொல்லாதே. மூன்று இலக்கம்தான், அம்மாவுக்கு மனசில் நிற்கும்.